கைக்கு ஒரு பற்றுக்கோடு

1923-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, மனிதக் கையை விரல் விரலாகப் பிரித்து மதிப்பிட்டது. பணியிட விபத்தில் கட்டைவிரலை இழந்தவர், தம் ஈட்டும் திறனில் நூற்றுக்கு 30 பங்கை இழந்தவராகக் கொள்ளப்படுவார். சுட்டுவிரல் முழுதும் போனால் 14 பங்கு, நடுவிரலுக்கு 12, மோதிர விரலானாலும் சுண்டுவிரலானாலும் 7. ஒரே கையில் மூன்று விரல்கள் போனால் 30. கட்டைவிரல் ஒன்றும் ஏனைய விரல்களில் மூன்றும் சட்டத்தின் கணக்கில் சமம்.

சென்னையின் மேற்குப் புறத்தில் இந்த எண்களுக்கு முகங்கள் உண்டு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960-களில் எழுந்தது. பாடி தொடங்கி ஆவடி வரை வார்ப்படச் சாலைகளும், தகடு வெட்டும் பட்டறைகளும், ரப்பர்ப் பொருள் செய்யும் சிற்றாலைகளும் அடர்ந்தன. பவர் பிரஸ்ஸின் மேலச்சு கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்கிவிடும். வெட்டிய தகட்டை எடுக்க நீண்ட விரல் அதற்குள் மீண்டாக வேண்டும். இரு கைகளாலும் ஒருசேரப் பொத்தான்களை அழுத்தினாலன்றி அச்சு இறங்காதபடி செய்வது எளிய பாதுகாப்பு. அந்த ஏற்பாடு இல்லாத இடத்திலும், வேகத்துக்காக அதை முடக்கிவைத்த இடத்திலும் விரல் போகிறது.

இழப்பீட்டுத் தொகை வந்து சேர்ந்த பிறகும் ஒரு கேள்வி எஞ்சும். மறுநாள் காலையில் பல் துலக்கும் பிரஷை எப்படிப் பிடிப்பது? சட்டைப் பொத்தானை எப்படி இடுவது? காப்பி டம்ளரை எப்படித் தூக்குவது? இழப்பீட்டுச் சட்டத்தில் இவற்றுக்கு விடை கிடையாது. எந்திரத்தில் விரல் இழந்தவர் மட்டும் கேட்கும் கேள்விகளும் அல்ல இவை. பக்கவாதம் வந்து ஒரு கை செயலிழந்தவர், முடக்குவாதத்தால் கணுக்கள் வீங்கியவர், கழுத்தில் தண்டுவடம் முறிந்தவர், தொழுநோயால் உணர்விழந்தவர், நடுக்குவாதம் கண்டவர் என்று பலரும் நாள்தோறும் இவற்றை எதிர்கொள்கின்றனர். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு தெருவை எடுத்துக்கொண்டால், இவர்களில் ஒருவரேனும் இல்லாத தெரு அரிது. இவர்களுக்கு விடை தேடித்தரும் அறிவியல் ஒன்று இருக்கிறது. அது வளர்ந்த வரலாற்றில் பெரும்பங்கு தமிழ் மண்ணில் நிகழ்ந்தது.

கையின் அமைப்பை அறிந்தால்தான் கருவியின் அமைப்பு விளங்கும். ஒரு கையில் 27 எலும்புகள்: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. விரலுக்குள் அதை மடக்கும் தசை ஏதுமில்லை. மடக்கும் வலிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்வரை ஓடுகின்றன. மிதிவண்டியில் பிரேக் கட்டை சக்கரத்தருகே இருக்க, அதை இழுக்கும் பிடி மேலே கைப்பிடியில் இருப்பதும், இரண்டையும் ஒரு கம்பி இணைப்பதும் போன்ற ஏற்பாடு இது. தசையின் பருமனைச் சுமக்க வேண்டாததால் விரல் மெலிந்தும் விரைந்தும் இயங்க முடிகிறது. இவையன்றி உள்ளங்கையிலேயே சிறு தசைகளும் உண்டு. விரல்களை விரிப்பது, ஒடுக்குவது, அடிக்கணுவை மடக்கியபடியே நுனிக்கணுக்களை நிமிர்த்துவது, கட்டைவிரலைச் சுழற்றி மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துவது ஆகியவை இவற்றின் பணி. வலிமை முன்கையில், நுட்பம் உள்ளங்கையில்.

இத்தசைகளை மூன்று நரம்புகள் ஆள்கின்றன. ஆரை நரம்பு மணிக்கட்டை நிமிர்த்தும், விரல்களைத் திறக்கும். நடு நரம்பு கட்டைவிரலை எதிர்நிறுத்தும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் உட்புறத் தொடுவுணர்வும் அதன் வழியே மூளைக்குச் செல்கிறது. அல்நார் நரம்பு உள்ளங்கைச் சிறு தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குகிறது. முழங்கையின் உட்புறத்தில் அது தோலுக்குச் சற்றே அடியில் ஓடுவதால்தான், அங்கே இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்கிறது. தோலை ஒட்டி ஓடும் நரம்புகளைத் தொழுநோய் முதலில் தாக்குவதற்கு, அங்கே உடற்சூடு குறைவாக இருப்பது ஒரு காரணம். நோய்க்கிருமிக்குக் குளிர்ந்த இடமே உகந்தது.

1956-இல் ஆங்கிலேய உடற்கூற்றறிஞர் ஜான் நேப்பியர், மனிதக் கையின் பிடிகளை வலுப்பிடி, நுண்பிடி என இரண்டாக வகுத்தார். உலக்கையை உள்ளங்கையில் அடக்கி, விரல்களால் வளைத்து, மேலே கட்டைவிரலால் பூட்டுவது வலுப்பிடி. கோலமாவைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே எடுத்து இழையவிடுவது நுண்பிடி. பொருளின் வடிவத்தைக் காட்டிலும் செயலின் நோக்கமே பிடியைத் தீர்மானிக்கிறது என்று அவர் காட்டினார். இறுகிய ஊறுகாய்ச் சாடியின் மூடியைத் திறக்கும்போது கை வலுப்பிடியில் தொடங்குகிறது. மூடி தளர்ந்தவுடன் தன்னையறியாமல் நுண்பிடிக்கு மாறிவிடுகிறது. நோயாளி ஒருவருக்குக் கருவி தேடும்போது முதலில் கேட்கவேண்டியதும் இதுவே: இவரிடம் எஞ்சியிருப்பது எந்தப் பிடி?

இக்கேள்வியைத் தமிழகத்தில் கூர்மையாகக் கேட்டவர் பால் பிராண்டு. 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, தமிழ் பேசி வளர்ந்தவர். மருத்துவம் படிக்குமுன் இங்கிலாந்தில் கட்டடத் தொழில் பயின்றவர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, செங்கற்பட்டில் ராபர்ட் காக்ரேன் பொறுப்பிலிருந்த தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கி வளைந்த ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து இறுக்கச் சொன்னார். தளர்ந்த பிடியை எதிர்பார்த்த மருத்துவருக்கு வலி பொறுக்க முடியவில்லை. அவ்வளவு இறுக்கம்! தொழுநோய் கையை முழுவதும் அழித்துவிடுகிறது என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. அழிந்தவை உள்ளங்கைச் சிறு தசைகளே, முன்கையின் வலிய தசைகள் உயிரோடிருக்கின்றன என்பதை அந்தக் கைகுலுக்கல் உணர்த்தியது.

அதன் விளைவாக வேலூரில் வளர்ந்ததே தசைநாண் மாற்று அறுவை. நலமாயிருக்கும் ஒரு தசையின் நாணை அதன் பழைய இடத்திலிருந்து விடுவித்து, தோலுக்கு அடியில் புதுவழியில் செலுத்தி, செயலிழந்த தசையின் வேலைக்குத் தைத்துவிடுவர். எடுத்துக்காட்டாக, மோதிர விரலை மடக்கும் இரு நாண்களில் ஒன்றைக் கட்டைவிரலுக்குக் கொண்டுவந்தால், அதுவரை உள்ளங்கைக்குப் பக்கவாட்டில் ஒட்டிக்கிடந்த கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்கும். மோதிர விரலை மடக்க நினைத்தால் கட்டைவிரல் அசையும்; மூளை இப்புதுவழியைப் பழகிக்கொள்ளும்வரை பயிற்சி தரவேண்டும். இப்பணிக்காகப் பிராண்டு 1960-இல் லாஸ்கர் விருது பெற்றார்.

அவருடன் இருந்து கைகளை அறுவை செய்தவர்களில் மேரி வர்கீசை மறக்கலாகாது. 1954-இல் சாலை விபத்தில் தண்டுவடம் முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த அந்த மருத்துவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கினார். பின்பு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கெனத் தனித்துறையையும், 1966-இல் மறுவாழ்வு நிலையத்தையும் உருவாக்கினார். 1972-இல் பத்மசிறீ அவரைத் தேடி வந்தது.

அறுவை முடிந்து வெளியேறியவர்களுக்குத் தொழில் வேண்டுமே. 1951-இல் வேலூரில் நவசீவ நிலையம் என்னும் சிற்றூர் அமைந்தது. அங்கே தச்சு கற்பிக்கப்பட்டது. சீரான கைகளில் மீண்டும் புண்கள் தோன்றத் தொடங்கின. நோய் திரும்பியதாகப் பிறர் எண்ணியபோது, பிராண்டு ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க முடியாமல் அவர் நின்றபோது, உணர்விழந்த கையுடைய சிறுவன் ஒருவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தால், சாவியின் விளிம்பு எலும்பு தெரியுமளவுக்கு அறுத்திருந்தது. அவனுக்கு வலிக்கவில்லை. இயல்பான கை வலிக்கும் எல்லையில் பிடியைத் தளர்த்திக்கொள்ளும். உணர்விழந்த கைக்கு அந்த எல்லையே கிடையாது. சிறாய் எழுந்த சுத்தியல் பிடி, சுடும் பாத்திரத்தின் காது, மெல்லிய சாவித்தலை ஆகிய அனைத்தும் அக்கைக்குப் பகை. இங்கேதான் மருத்துவரின் பார்வை கையிலிருந்து கைப்பிடிக்குத் திரும்பியது. அந்தத் திருப்பத்தை அவருடைய அறுவைத்திறனுக்கு ஒருபடியும் குறைவாக நான் மதிப்பிடமாட்டேன்.

மேற்குச் சென்னையின் தொழிலாளருக்கு நேராகத் தொடர்புடைய அத்தியாயம் ஸ்டான்லி மருத்துவமனையில் எழுதப்பட்டது. ஆர். வேங்கடசாமி அங்கே கை அறுவைக்கெனத் தனிப்பிரிவை வளர்த்தார். அது கை ஆராய்ச்சிக்கும் மறுவாழ்வுக்குமான நிலையமாகவே விரிந்தது. விரல்நுனி சாய்வாகத் துண்டிக்கப்பட்டால் அதே விரலின் பக்கத்திலிருந்து முக்கோணமாகத் தோலையும் அதன் நரம்பையும் குருதிக்குழாயையும் பெயர்த்து நகர்த்தி நுனியை மூடும் முறையை அவரும் என். சுப்பிரமணியனும் 1980-இல் வெளியிட்டனர். தோலோடு நரம்பும் வருவதால் நுனியில் உணர்வு நிலைக்கிறது. உணர்வுள்ள குட்டை விரல், உணர்வற்ற நீண்ட விரலைவிடப் பிடிக்குப் பயன்படும் என்ற தெளிவு அம்முறைக்குள் இருக்கிறது.

அறுவை மருத்துவர் தசைநாணை இடம் மாற்றுகிறார். பொருளைப் பிடிக்கத் துணைசெய்யும் பற்றுகருவியைச் செய்பவர் வேலையை இடம் மாற்றுகிறார். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: இல்லாததை எண்ணி வருந்தாமல் எஞ்சியதைக் கண்டுபிடித்து அதனிடம் சுமையை ஒப்படைப்பது. விரலால் இயலாததை உள்ளங்கையிடம், உள்ளங்கையால் இயலாததை மணிக்கட்டிடம், மணிக்கட்டாலும் இயலாததை முழங்கையிடமும் தோளிடமும் ஒப்படைக்கலாம். இதற்கு இயற்பியல் தரும் வழிகள் நான்கு.

முதல் வழி பருமன். மெல்லிய கரண்டிக் காம்பைப் பிடிக்க விரல்கள் முழுதும் மடங்கவேண்டும். விறைத்த கணுக்கள் அவ்வளவு மடங்கா. மடங்கினாலும் பயன் குறைவு. ஏனெனில் தசை தன் இடைப்பட்ட நீளத்தில் இருக்கும்போதுதான் மிகுந்த வலிமை காட்டும், முற்றும் சுருங்கிய நிலையில் அதனால் மேலும் இழுக்க இயலாது. மூன்று, நான்கு செ.மீ. விட்டமுள்ள உருளைப்பிடி பெரும்பாலான வளர்ந்த கைகளுக்கு ஏற்றது. அதில் விரல்கள் பாதி மடங்கியபடியே வலிமையாக நிற்கும். பருமன் கூடக்கூடத் தொடும் பரப்பும் கூடும். அதே விசை அகன்ற பரப்பில் பரவுவதால் அழுத்தம் குறையும். வீங்கிய கணுக்களுக்கு வலி தணிவதும், உணர்விழந்த தோல் புண்ணாகாமல் இருப்பதும் இதனால்தான்.

இரண்டாம் வழி உராய்வு. இரு பக்கமும் அழுத்திப் பிடித்த பொருள் நழுவாதிருக்க, அதன் எடையை உராய்வு தாங்கவேண்டும். உராய்வெண் பாதியானால் பிடியின் இறுக்கம் இரட்டிப்பாக வேண்டும். சோப்பு நீர் பட்ட எவர்சில்வர் டம்ளரை நலமுள்ள கையே நழுவவிடுவது இக்கணக்கால்தான். வலுவிழந்த கைக்கு டம்ளரின்மேல் ஒரு ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தால், கையின் வலிமை கூடாமலே பிடி உறுதியாகும். நம் டம்ளரின் மேல்விளிம்பு வெளிப்புறம் வளைந்திருப்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். விரல்கள் அவ்விளிம்புக்குக் கீழே நின்றால் எடையை விளிம்பே தாங்கும். இறுக்கிப் பிடிக்கும் தேவை பெரிதும் குறையும். விளிம்பில்லாத நேர்ச்சுவர்க் கண்ணாடிக் குவளை நோயாளிக்கு நாகரிகமாகத் தோன்றினும் கடினமானது.

மூன்றாம் வழி நெம்புகோல். வட்டத் திருகுக் குழாயில் விரல்கள் மையத்திலிருந்து இரண்டரை செ.மீ. தொலைவில் விசை தருகின்றன. அதற்குப் பதில் 12 செ.மீ. நீளக் கைபிடியுள்ள குழாயை அமைத்தால், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விசை போதும். விரலே வேண்டியதில்லை, மணிக்கட்டாலோ முழங்கையாலோ தள்ளித் திறக்கலாம். சாவித்தலையோடு ஒரு மரத்துண்டைப் பிணைத்திருந்தால் அச்சிறுவனின் விரல் அறுபட்டிராது. சாடி மூடியில் இதே கணக்கு வேறு முகம் காட்டுகிறது. திருகுவிசை என்பது உராய்வு விசையையும் விட்டத்தையும் சார்ந்தது. ஆதலால் மூடியைச் சுற்றி அகன்ற ரப்பர்ப் பட்டையைப் போர்த்தினால் உராய்வும் கூடும், விட்டமும் சற்றே கூடும்.

நான்காம் வழி பட்டை. விரல்கள் அறவே இயங்காதபோது பொருளைக் கையோடு கட்டிவிடுவது. உள்ளங்கையைச் சுற்றி வரும் ஒரு பட்டை, அதன் உட்புறத்தில் சிறு பை. அந்தப் பைக்குள் கரண்டி, பிரஷ், எழுதுகோல் எதையும் செருகலாம். முழங்கையை மடக்க முடிந்தவருக்கு இப்பட்டை ஒன்றே தானே உண்ணும் உரிமையைத் தந்துவிடும். வெல்குரோ ஒட்டுப்பட்டையும் தடித்த துணியும் ஒரு தையல் எந்திரமும் இருந்தால், எந்தத் தெருவின் தையற்கடையிலும் செய்யக்கூடிய பொருள் இது.

கழுத்துத் தண்டுவடம் முறிந்தவர்களைப் பற்றித் தனியே ஒன்று சொல்லவேண்டும். வாசகர் தம் கையிலேயே இதைக் காணலாம். முழங்கையை மேசைமேல் ஊன்றி, கையைத் தளரவிட்டு, மணிக்கட்டைக் கீழே தொங்கவிடுங்கள். விரல்கள் தாமே திறக்கும். இப்போது மணிக்கட்டை மட்டும் மேலே நிமிர்த்துங்கள். விரல்கள் தாமே மடங்கும், கட்டைவிரல் சுட்டுவிரலின் பக்கத்தை வந்து தொடும். விரல் தசைகள் ஏதும் செய்யவில்லை. நீளம் மாறாத நாண்கள் மணிக்கட்டின்மேல் இழுபட்டதால் இது நிகழ்கிறது. கழுத்தின் ஆறாம் தண்டுவடக் கூறு தப்பித்த நோயாளிக்கு மணிக்கட்டை நிமிர்த்தும் ஆற்றல் இருக்கும். விரல்களை மடக்கும் ஆற்றல் இருக்காது. மணிக்கட்டை நிமிர்த்தியே அவர் தாளையும் கைப்பேசியையும் ரொட்டித் துண்டையும் எடுக்கக் கற்றுக்கொள்கிறார். இந்தப் பிடிக்குத் துணைநிற்பது மடக்கு நாண்களின் இறுக்கம். அன்பு மிகுதியால் வீட்டார் அவருடைய மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேர நிமிர்த்தி நீவி நீட்டிவிட்டால் அந்த இறுக்கம் போய்விடும், பிடியும் போய்விடும். மணிக்கட்டை நிமிர்த்தும்போது விரல்களை மடக்கியும், விரல்களை நீட்டும்போது மணிக்கட்டைத் தாழ்த்தியும் பயிற்சி தரவேண்டும் என்பதை ஒவ்வொரு பராமரிப்பாளரும் முதல் வாரத்திலேயே அறிந்திருக்கவேண்டும்.

கடைகளிலும் இணைய விற்பனையிலும் கிடைக்கும் பற்றுகருவிகள் பெரும்பாலும் மேலைநாட்டு உணவு மேசையைக் கருதியவை. முள்கரண்டியும் வெட்டுக்கத்தியும் அவற்றின் பாடப்பொருள். நம் வீட்டின் உணவு சோறு, கருவி கை. சோற்றைக் குழம்போடு பிசைவதற்கு உள்ளங்கைச் சிறு தசைகள் வேண்டும். ஐந்து நுனிகளையும் கூட்டி எடுப்பதற்குக் கட்டைவிரலின் எதிர்நிலை வேண்டும். சூட்டை அறியத் தொடுவுணர்வு வேண்டும். இம்மூன்றையும் இழந்தவரைக் கரண்டிக்கு மாற்றுவது உடலளவில் எளிது, மனத்தளவில் அரிது. பந்தியில் எல்லோரும் கையால் உண்ணும்போது தான் மட்டும் கரண்டி எடுப்பதற்குக் கூசி, விருந்துகளுக்குப் போவதையே விட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு ஏற்ற கருவியைத் தேடுவோர் ஆழமான, உட்குழிந்த விளிம்புள்ள தட்டிலிருந்து தொடங்கலாம். சோற்றை அவ்விளிம்பில் தள்ளி ஒதுக்கினால், நுனிகள் முழுதும் கூடாத கையும் கவளம் எடுக்கும். தட்டு நகராதிருக்க அதன் கீழே ஈரத்துணியை விரித்தால் போதும்.

நம் சமையலறையில் முன்பே இருப்பவற்றை இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும். அரிவாள்மனையில் கத்தி நிலையாக நிற்கிறது; மனையைக் காலும் உடலெடையும் பிடித்துக்கொள்கின்றன; கை, காயை மட்டும் நகர்த்துகிறது. ஒரு கை செயலிழந்தவருக்கு மேலைநாட்டார் ஆணி பதித்த வெட்டுப்பலகை செய்து தருகின்றனர். கீழே அமர முடிந்தவரானால், அதே தேவையின் ஒரு பாதியை அரிவாள்மனை முன்பே தீர்த்து வைத்திருக்கிறது. ஆனால் உணர்விழந்த கைக்கு அதைத் தரவே கூடாது. விரல் கத்தியைத் தொட்டதை அக்கை அறியாது. இடுப்பில் குடம் சுமப்பது முடக்குவாத மருத்துவர் சொல்லும் அறிவுரையோடு ஒத்துப்போகிறது: சுமையைச் சிறு கணுக்களிடமிருந்து எடுத்துப் பெரிய மூட்டுகளுக்குக் கொடு. கொதிக்கும் பாத்திரத்தை இறக்கும் இடுக்கியோ, முடக்குவாத நோயாளிக்கு ஆகாதது. அதன் மெல்லிய காம்புகளை இறுக்கிப் பிடிக்கவேண்டும், கையிலிருந்து சுமை தள்ளியும் தொங்கும். இரு பக்கமும் அகன்ற மரக்காதுள்ள பாத்திரத்தை இரு உள்ளங்கைகளாலும் தாங்குவதே அவருக்குத் தக்கது.

ஒரு நோய்க்கு உதவுவது மற்றொன்றுக்கு ஊறு செய்யும் என்பதை மறக்கலாகாது. பக்கவாதத்துக்குப்பின் சிலருக்குக் கை தளர்ந்துபோவதில்லை, இறுகிப்போகிறது. மடங்கிய விரல்கள் திறவா. அவர்களுக்குப் பிடிப்பது எளிது, விடுவிப்பதே கடினம். மெத்தென்ற உருளையைக் கொடுத்து எந்நேரமும் பிசையச் சொல்வதால் அவர்களுக்கு வேண்டிய திறக்கும் ஆற்றல் வளர்ந்துவிடாது. நடுக்குவாதத்தில் எடைகூடிய கரண்டி சிலருக்கு நடுக்கத்தைத் தணிக்கும்; அதே எடை முடக்குவாதக் கையை வருத்தும். ஆகவே எல்லார்க்கும் ஒரே பொருளை மொத்தமாக வாங்கி வழங்கும் முறை இத்துறைக்குப் பொருந்தாது. ஒரு கையை, ஒரு வேலையை, ஒரு வீட்டைப் பார்த்துச் செய்யவேண்டிய பணி இது.

அப்படிச் செய்ய முடியும் என்பதற்குத் தொழுநோய்ப் பணியிலேயே சான்று இருக்கிறது. மோடுலன் என்ற பெயரில், இரு பகுதிகளாக வரும் எப்பாக்சிப் பசையை இந்திய மருத்துவர்கள் பயன்படுத்தினர். இரண்டையும் பிசைந்து கலந்து கரண்டிக் காம்பின்மேலோ, டம்ளரின் பக்கத்திலோ, அரிவாளின் பிடியிலோ அப்பி, நோயாளியையே பிடிக்கச் சொல்வர். வளைந்த விரல்கள் எப்படி அமைகின்றனவோ அப்படியே பள்ளங்கள் பதியும். பசை இறுகியதும் அந்தப் பிடி உலகில் அந்த ஒருவருடைய கைக்கு மட்டுமே பொருந்தும். சூட்டையும் அது எளிதில் கடத்தாது. கையின் குறைபாட்டுக்கே கருவி வடிவம் கொள்வது இம்முறையின் சிறப்பு. கருவிக்கேற்பக் கையை வருத்துவது அங்கே இல்லை.

அம்பத்தூரில் இதற்கான பொருள்களுக்குப் பஞ்சமில்லை. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரிலேயே தொழிற்சாலை அமைத்து மிதிவண்டி செய்தது. மிதிவண்டிக் கைபிடிக் குழாயின் வழக்கமான விட்டம் 22 மி.மீ.; அதன்மேல் ஏறும் ரப்பர் உறையின் வெளிவிட்டம் கைக்கு ஏற்ற அந்த மூன்று செ.மீ.க்கு வந்துவிடுகிறது. அவ்வுறைக்குள் மரத்தண்டைச் செருகி, அதில் கரண்டிக் காம்பைப் பதித்தால் நல்ல பிடி கிடைக்கும். ஏ.சி. பழுது பார்ப்போர் செப்புக் குழாயின்மேல் போர்த்தும் கருநிற நுரைக்குழாயை ஒரு சாண் வெட்டினால் பிரஷுக்கும் எழுதுகோலுக்கும் பிடி ஆயிற்று. எடையற்றது, விலை மிகக் குறைவு. ஆனால் நுரையில் நீரும் அழுக்கும் தங்கும். சமையலறைக்கு அது ஏற்றதன்று, மாதந்தோறும் மாற்றவேண்டும். நெடுநாள் உழைக்க வேண்டுமென்றால் லேத்தில் கடைந்த மரமோ, அச்சில் வார்த்த ரப்பரோ வேண்டும். இரண்டையும் செய்யும் சிறு பட்டறைகள் தொழிற்பேட்டையில் நிறைய உள்ளன.

உயர்தொழில்நுட்பத்தையும் தள்ளவேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் இணைந்து புளூட்டோ என்னும் சிறு கைப்பயிற்சி எந்திரத்தை உருவாக்கியுள்ளன. பக்கவாதமோ தண்டுவடக் காயமோ உற்றவர் மணிக்கட்டைத் திருப்பவும் விரல்களைத் திறந்து மூடவும் அது துணைசெய்கிறது. பயிற்சியின் அளவையும் பதிகிறது. கை மீள்வதற்கான முயற்சி அது. மீளும்வரையிலும், மீளாதபோதும், சோறு உண்ண ஒரு பிடி வேண்டும். மருத்துவ உலகின் ஆர்வம் முதலாவதில் மிகுந்திருக்கிறது. இரண்டாவது யாருடைய பொறுப்பும் அல்லாததாக நிற்கிறது என்பதே என் வருத்தம்.

அரசின் ஏற்பாடுகளிலும் இந்த இடைவெளி தெரிகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. தொழுநோயிலிருந்து குணமடைந்தவரும், நடுக்குவாதம் உற்றவரும் அவற்றுள் அடங்குவர். 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். வருகின்ற அவரது பையில் நான்கு அளவு நுரைக்குழாயும், உள்ளங்கைப் பட்டையும், கொஞ்சம் எப்பாக்சிப் பசையும் இருந்தால், அன்றே ஒருவர் தம் கையால் உண்பார். முகாம்களில் சக்கர நாற்காலியும் செவிக்கருவியும் மேடையேறுவதைக் காண்கிறோம். தடித்த பிடியுள்ள கரண்டி மேடைக்கு வருவதில்லை. மலிவான பொருள் என்பதாலேயே அது கவனம் பெறாமல் போவது பெருங்குறை.

நோயாளிக்கென்று தனியே செய்த பொருள் என்ற அடையாளமும் ஒரு தடை. 1990-இல் அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர், மூட்டுவாதத்தால் காய் சீவ வருந்திய தம் மனைவியை எண்ணித் தடித்த ரப்பர்ப் பிடியுள்ள தோல்சீவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நோயாளிகளின் பொருள் என்று அதை அவர் விற்கவில்லை. எல்லாருடைய சமையலறைக்கும் விற்றார். நலமுள்ள கைகளும் அதையே விரும்பி வாங்கின. நம் கடைத்தெருவில் விற்கும் தோசைத் திருப்பியும் தோல்சீவியும் குக்கர் பிடியும் ஏன் அப்படி அமையக்கூடாது?

பாதுகாப்புத் துறை ஆய்வகமும் இத்தகைய பணியில் இறங்கிய முன்மாதிரி உண்டு. ஏவுகணைக்கென உருவாக்கிய எடைகுறைந்த கலப்புப்பொருளைக் கொண்டு, 3 கிலோ எடையுள்ள கால்தாங்கிகளை 300 கிராமாக்கி ஐதராபாத்தில் குழந்தைகளுக்கு அணிவித்ததைத் தம் வாழ்வின் பெருமகிழ்ச்சிகளுள் ஒன்றாக அப்துல் கலாம் கூறிவந்தார். ஆவடி, விஜயந்தா கவச ஊர்தியைச் செய்த ஊர். அர்ஜுன் கவச ஊர்தியும் அங்கேயே வடிவமைக்கப்பட்டது. ஒரு கரண்டிப் பிடி அந்த ஊரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாக இருக்க முடியாது.

ஆவடி முருகப்பா பாலிடெக்னிக்கின் மாணவர்களுக்கும், அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யின் மாணவர்களுக்கும், தொழிற்பேட்டையில் லேத்தும் ரப்பர் அச்சும் வைத்திருக்கும் பட்டறை உரிமையாளருக்கும் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டின் செயல்திட்டமாக உங்கள் தெருவில் ஒரு கையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஸ்டான்லியிலோ கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையிலோ அக்கையை அறிந்த மருத்துவரிடம் எது எஞ்சியிருக்கிறது என்று கேளுங்கள். பிறகு அந்த வீட்டுக்குப் போய், அவர் பிடிக்க விரும்பும் ஒரே ஒரு பொருள் எது என்று அவரையே கேட்டு, அதற்கு ஒரு பிடி செய்து கொடுங்கள். பொருந்தவில்லையானால் அளவெடுத்து மறுபடியும் செய்யுங்கள்.